பொன்னிறக் காடையும் பொரிக்காத முட்டையும்

விசுவமடுவில் ஒரு குடும்பம். 2009இல் எல்லாவற்றையும் விட்டு இடம்பெயர்ந்து, பின்னர் வெறும் வளவுக்குத் திரும்பியவர்கள். இன்று அவர்களின் முற்றத்துக் கூட்டில் பொன்னிறக் காடைகள் நிற்கின்றன. பிள்ளைகள் ஆசையாக வளர்ப்பவை. அயலிலும் சோடி கேட்கிறார்கள்.

பொன்னிறச் சேவலையும் பொன்னிறப் பேட்டையும் சேர்த்துவிட்டால் எல்லாக் குஞ்சும் பொன்னிறமாக வரும் என்று எண்ணினார்கள். வந்ததோ வேறு. முட்டைகள் பல பொரிக்கவில்லை. பொரித்தவற்றிலும் சில சாதாரண மண்ணிறம். "நாவூறு பட்டுவிட்டது" என்று தாய் நொந்துகொண்டார்.

இது நாவூறு அல்ல, பரம்பரைக் கணக்கு.

இரண்டு பங்கு

1865இல் மெண்டல் என்ற துறவி, பட்டாணிச் செடிகளை வைத்து இந்தக் கணக்கை விளக்கினார். ஒவ்வொரு குணத்துக்கும் தாயிடமிருந்து ஒரு பங்கும் தகப்பனிடமிருந்து ஒரு பங்கும் பிள்ளைக்கு வருகின்றன. இதையே இன்று பரம்பரையலகு என்கிறோம்.

யப்பானியக் காடையில் பொன்னிறப் பங்கு ஒன்று கிடைத்தாலே குஞ்சு பொன்னிறமாகும். இரண்டும் பொன்னிறமாக அமைந்தால் கரு தொடக்கத்திலேயே இறந்துவிடும். உடைத்துப் பார்த்தால் கருக்கட்டாத முட்டை போலவே தெரியும். மஞ்சள் நிற எலிகளிலும் இதே குணம் உண்டு. ஆகவே உயிரோடு நிற்கும் பொன்னிறக் காடை ஒவ்வொன்றிலும் ஒரு மண்ணிறப் பங்கு மறைந்திருக்கிறது.

கருக்கட்டிய 40 முட்டைகளை எடுத்துக்கொள்வோம்.

பொன்னிறமும் பொன்னிறமும் சேர்ந்தால்: 20 பொன்னிறம், 10 மண்ணிறம், 10 இறப்பு.

பொன்னிறமும் மண்ணிறமும் சேர்ந்தால்: 20 பொன்னிறம், 20 மண்ணிறம். நிறத்தால் இறப்பு இல்லை.

இது சராசரிக் கணக்கு. ஒவ்வொரு அடையிலும் கூடிக் குறையலாம். பொன்னிறக் குஞ்சுகள் இரண்டிலும் ஒரே அளவுதான். இரண்டாவது முறையில் முட்டைக்கும் கறிக்கும் பத்துக் குஞ்சுகள் மிச்சம்!

சோடியை மாற்றியும் பொரிப்புக் குறைவாக இருந்தால் வேறு காரணத்தைத் தேடுங்கள். ஒரு கிழமைக்கு மேல் வைத்த முட்டையா? 17, 18 நாளும் சூடு சீராக இருந்ததா?

சேவலா, பேடா?

மண்ணிறக் காடையில் மூன்று கிழமையளவில் நெஞ்சைப் பாருங்கள். சேவலுக்குப் புள்ளியற்ற செம்பழுப்பு. பேட்டுக்குக் கறுப்புப் புள்ளிகள். வெள்ளைக் காடையில் இந்த அடையாளம் இல்லை. வளர்ந்த சேவலின் எச்சவாய்க்கு மேலே அழுத்தினால் வெண்ணுரை வரும், அதைக்கொண்டு அறியலாம்.

பாலோடு இணைந்து வரும் மங்கிய பழுப்பு நிறமும் ஒன்றுண்டு. அந்நிறச் சேவலைக் கலப்பற்ற மண்ணிறப் பேட்டுடன் சேர்த்தால், பேட்டுக்குஞ்சுகள் எல்லாம் தகப்பன் நிறம். சேவற்குஞ்சுகள் எல்லாம் மண்ணிறம். பொரித்த அன்றே பிரித்துவிடலாம். சோடியை மாற்றிப் போட்டால் இது நடவாது.

இந்தியாவில் இசத்நகர் மத்திய பறவை ஆராய்ச்சி நிலையம் 'காரி சுவேதா' என்ற வெள்ளைக் காடையை உருவாக்கியிருக்கிறது. வெள்ளை இறகானால் உரித்த இறைச்சியில் கறுப்பு முளைகள் தெரியா.

நாம் செய்யவேண்டியது

நிறத்துக்காக உடன்பிறந்தவற்றைச் சேர்க்காதீர்கள். காடையில் உறவுக்கலப்பு பொரிப்பையும் குஞ்சின் பலத்தையும் விரைவில் குறைத்துவிடும். அயல் வீட்டாருடன் சேவலை மாற்றிக்கொள்ளுங்கள். காலில் நிற நூல் கட்டி, எந்தச் சோடியின் முட்டை, எத்தனை பொரித்தன என்று கொப்பியில் எழுதிவையுங்கள். அந்தப் பொறுப்பைப் பிள்ளைகளிடமே கொடுங்கள்.

எத்தனையோ இழந்தோம், அவற்றைத் தடுக்க நம்மால் முடியவில்லை. இந்தப் பத்து முட்டைகளின் இழப்பை நம்மால் தடுக்க முடியும்.