பிடிபடும் முன்னரே கேட்போம்

எங்கள் ஊர்ப் பிள்ளைகள்

ஒரு பெடியன் போதைப்பொருள் பாவிக்கிறான் என்பது பல வீடுகளில் பொலிஸ் வந்த பிறகுதான் தெரியவருகிறது. அதற்கு முதல் ஒருவரும் அவனிடம் ஆறுதலாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

வன்னியில் போர் உச்சத்தில் இருந்த 2009 தை மாதத்தில் தர்மபுரம் வைத்தியசாலை காயப்பட்டவர்களால் நிறைந்திருந்தது. அந்த நாட்களில் கைக்குழந்தையாகத் தூக்கிச் செல்லப்பட்டவர்களும் பிறகு பிறந்தவர்களும்தான் இன்று பதின்ம வயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். இழப்பும் கடனும் நித்திரையில்லாத இரவுகளும் உள்ள வீட்டில் வளர்ந்த பிள்ளையிடம் "ஏன் தொட்டனி?" என்று சீற முன்னர், "உனக்கு என்ன நடக்குது?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

ஆறு கேள்விகள்

அமெரிக்காவின் பொஸ்ரன் சிறுவர் வைத்தியசாலையில் உருவான, அப்படிக் கேட்க உதவும் 'கிராஃப்ற்' வினாக்கொத்து 12 முதல் 21 வயது வரையானோருக்குரியது. கடந்த 12 மாதங்களில் மது, கஞ்சா, வேறு ஏதும் எடுத்ததுண்டா என்று முதலில் விசாரிப்பார்கள். பிறகு ஆறு கேள்விகள். வெறியில் இருந்தவர் ஓட்டிய வாகனத்தில் போனதுண்டா, அல்லது நீயே அப்படி ஓட்டினாயா? மனம் ஆறவோ கூட்டத்தோடு சேரவோ பாவிக்கிறாயா? தனியே இருந்து பாவிக்கிறாயா? பாவித்த நேரம் செய்தது மறந்துபோகிறதா? குறைக்கச் சொல்லி வீட்டாரோ சிநேகிதரோ சொன்னார்களா? அதனால் சிக்கலில் மாட்டியதுண்டா?

இரண்டுக்கோ அதற்கு மேலோ 'ஓம்' என்றால் விரிவாகப் பார்க்க வேண்டும். அவன் அடிமையாகிவிட்டான் என்று அதற்குள் முடிவுகட்டக் கூடாது.

ஒன்றுமே தொடாத பிள்ளையிடமும் வாகனக் கேள்வி கேட்கப்படும். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் அது பெரும்பாலும் மோட்டார் சைக்கிள். ஓடுகிறவர் தகப்பனாகவும் இருக்கலாம்; அந்தப் பதிலைச் சொல்லும் பிள்ளைக்குத்தான் முதலில் பாதுகாப்பு வேண்டும்.

எங்கே, எப்படி?

தரம் 7, தரம் 10 பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்குச் சுகாதார வைத்திய அதிகாரியின் குழு வருகிறது. பல்லையும் கண்ணையும் பார்க்கிற அதே நாளில் இந்த ஆறு கேள்விகளையும் கேட்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் வரிசையில் நிற்க வைத்துக் கேட்டால் எல்லோரும் "இல்லை" என்றே சொல்வார்கள். கதவு சாத்திய அறை வேண்டும். அதிபரோ பெற்றோரோ பக்கத்தில் நிற்கக் கூடாது. சொன்னது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் பெரியவர்களிடம் சொல்வோம் என்று முதலிலேயே தெளிவாக்க வேண்டும். திடீரெனச் சோதனைக்குச் சிறுநீர் கேட்டுப் பயமுறுத்தினால், அடுத்த முறை அந்தப் பிள்ளை வாயே திறக்காது.

வீட்டில்

21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவோ சிகரெட்டோ விற்பது 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். ஆகவே தகப்பன் மகனைக் கடைக்கு அனுப்பி வாங்குவதையும் நிறுத்த வேண்டும். சந்தேகம் வந்தால் அடிக்காதீர்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தில் ஆலோசனை கேளுங்கள். பிள்ளை குடித்துவிட்டு எழுப்பியும் எழும்பாவிட்டால், ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.