பேய் என்ற முதல் வார்த்தை

எழுத்தறிவு என்றதும் நமக்கு அ, ஆ வரிசைதான் ஞாபகம் வருகிறது. பயத்திலிருந்தும் அதைத் தொடங்கலாம் என்பதை சில்வியா ஆஷ்டன்-வார்னர் வழியாகத்தான் நான் புரிந்துகொண்டேன். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னவர்; 'டீச்சர்' என்ற அவரது நூல் 1963இல் வந்தது. முறை ரொம்ப எளிது. 'உனக்கு என்ன வார்த்தை வேணும்?' என்று ஒவ்வொரு குழந்தையிடமும் கேட்பார். அம்மா, பேய், முத்தம் - கேட்டதை அட்டையில் எழுதிக் கொடுப்பார். மறுநாள் குழந்தைக்கு அடையாளம் தெரியாத அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார். அது மனசுக்குள்ளிருந்து வந்த சொல் இல்லை, அவ்வளவுதான். மிஞ்சிய சொற்களிலிருந்தே குழந்தைகளின் சொந்தக் கதைகள் பிறந்தன. உள்ளே கிடப்பது எழுத்தாக வெளியேற வழி கிடைத்தால் அடிதடியாக வெளியேறாது என்பது அவர் வாதம். பாடப்புத்தகத்துச் சமர்த்துப் பிள்ளைகளுக்கோ பயமும் கிடையாது, கோபமும் கிடையாது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. அட்டைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. பயம் குழந்தையுடையது; மொழி பள்ளியுடையது. 1867ஆம் ஆண்டுச் சட்டம் மாவோரிப் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கியிருந்தது. மழலையர் மாவோரியிலேயே வளரும் 'மொழிக் கூடு'கள் 1982இல்தான் தொடங்கின.

ஆக, 'எந்த மொழியில வேணும்?' என்றும் கேட்டாக வேண்டும். 'பயமா இருக்கு' என்கிற பிள்ளையை 'அச்சமாக உள்ளது' என்று எழுதவைக்கும் நமக்கும் இக்கேள்வி பொருந்தும்.