கடைசி ரயிலுக்குப் பிறகு தேக்கா

சிங்கப்பூரின் இரவு வாழ்க்கை என்றாலே கிளார்க் கீ, மரினா பே என்றுதான் சுற்றுலாக் கையேடுகள் தொடங்கும். நம் வீடுகளில் அந்தச் சொல்லைக் கேட்டால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால், நம்மில் பலருக்கு இரவு என்பது மது விடுதி அன்று. பதினொரு மணிக்கு மேல் முஸ்தஃபாவுக்குக் குடும்பத்தோடு போய் அரிசி மூட்டை வாங்கியதும், தேர்வு முடிந்த கையோடு நண்பர்கள் நாலு பேர் பரோட்டாக் கடையில் ஆளுக்கொரு தே வாங்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசியதும்தான் நம் இரவு வாழ்க்கை.

அந்த முஸ்தஃபா இப்போது இரவு முழுதும் திறந்திருப்பதில்லை. கொவிட்-19க்கு முன்பு 24 மணி நேரமும் விளக்கெரிந்த கடை, கிருமிப்பரவலுக்குப் பிறகு அதிகாலை 2 மணிக்கு மூடுகிறது. இரண்டு மணி வரை போதாதா என்று கேட்கலாம். விடியற்காலை விமானத்தில் திருச்சிக்குப் புறப்படுகிறவர், பெட்டியில் இன்னும் மூன்று கிலோ இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் மூன்று மணிக்கு ஓடிப்போய்த் தைலமும் சாக்லேட்டும் வாங்கிய இடம் அது. இரவுப் பணி முடிந்த தாதியும் வாடகைக் கார் ஓட்டுநரும் கூட்டமில்லாமல் சாமான் வாங்கியதும் அங்கேதான்.

இந்த வட்டாரத்துக்கு இரவு புதிதன்று. முஸ்தஃபாவிலிருந்து சில நிமிட நடையில், இன்று சிட்டி ஸ்குவேர் மால் நிற்கும் இடத்தில், 1923ல் ‘நியூ வொர்ல்ட்’ கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. பங்சவான் நாடகம், குத்துச்சண்டை, திரைப்படம், நடன அரங்கு எல்லாம் ஒரே வளாகத்தில். பின்னர் வந்த கிரேட் வொர்ல்ட், ஹேப்பி வொர்ல்ட் இரண்டையும் சேர்த்து மூன்று ‘உலகங்கள்’ என்று தாத்தா பாட்டிகள் சொல்வார்கள். பணக்காரருக்கும் கூலித் தொழிலாளிக்கும் ஒரே வாசல் என்பதுதான் அவற்றின் சிறப்பு. சில்லறைக் காசு இருந்தால் உள்ளே போய் வேடிக்கை பார்த்துக்கொண்டே பொழுதைக் கழிக்கலாம். தொலைக்காட்சியும் கடைத்தொகுதிகளும் வந்தபின் அந்தக் காலம் முடிந்தது. நியூ வொர்ல்ட் 1987ல் மூடப்பட்டது.

காசு அதிகம் இல்லாதவர் இரவில் எங்கே போவது? இந்தக் கேள்விக்குத் தேக்கா வெகுநாள் பதில் சொல்லி வந்திருக்கிறது. ஞாயிறு இரவு ஒன்பதரைக்கு ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் நடந்து பாருங்கள். புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து பொட்டலம் பிரிப்பவர்கள், ஊருக்குக் காணொளியில் பேசுபவர்கள், ஒரே ஊர்க்காரர்கள் ஆறேழு பேர் சீட்டு நிதிக் கணக்குப் பார்ப்பது என்று அது ஒரு தனி உலகம். இங்கே ஒன்பதரை என்றால் தமிழ்நாட்டில் ஏழு மணி. பிள்ளைகள் தூங்கப் போகாத, மனைவி அடுப்படியில் நிற்கும் நேரம். வாரம் முழுதும் வேலைத்தளத்தில் கிடைக்காத அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் பலர் விடுதிக்குத் திரும்பாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். விடுதி அறையில் பன்னிரண்டு பேர் முன்னால் மனைவியோடு என்ன பேசுவது என்று ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்.

2013 டிசம்பர் 8 ஞாயிறு இரவை மறந்துவிட்டு இந்தப் பேச்சைப் பேச முடியாது. தனியார் பேருந்து மோதி இந்திய ஊழியர் ஒருவர் மாண்டதைத் தொடர்ந்து, 40 ஆண்டுகளுக்கு மேல் கலவரம் காணாத ஊரில் கார்கள் எரிந்தன. மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2015 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. தீவு முழுதும் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் இன்னும் கடுமை: சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை தடை.

அதற்கு முன் அடுக்குமாடிப் புளோக்குகளின் கீழ்த்தளத்தில் கிடந்த போத்தல்களையும் நள்ளிரவுச் சத்தத்தையும் சகித்த குடியிருப்பாளர்களுக்கு இந்தச் சட்டம் நிம்மதி தந்தது. அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே குடியிருந்தவர்களைக் கேட்டால்தான் தெரியும். ஆனால், கிளார்க் கீ பக்கத்தில் ரீட் பாலத்தில் கடையில் வாங்கிய பீரோடு உட்கார்ந்திருந்த மாணவர் கூட்டமும் அதே சட்டத்தால் கலைந்தது. பாலத்துக்குக் கீழே, ஆற்றோர மதுக்கூடங்களில் மட்டும் கிண்ணங்களின் ஓசை பழையபடி தொடர்ந்தது. குடிப்பவர் குறைந்தார்களோ இல்லையோ, மலிவாகக் குடித்தவர்களுக்கு இடமில்லாமல் போனது. குடிக்காமல் வெறுமனே உட்கார்ந்திருப்பவர்களையும் சேர்த்துச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டதே, அதுதான் எனக்கு உறுத்தல். கொவிட் காலத்தில் விடுதிவாசிகள் வெளியே வரவே அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 2022 ஜூனில் அது தளர்ந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமையில் லிட்டில் இந்தியாவுக்கு வர முன்கூட்டியே பதிய வேண்டியிருந்தது.

இளம் பணியாளர்களுக்கு வேறு கணக்கு. நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில் போய்விடும். பன்னிரண்டு அடித்தால் டாக்சி மீட்டர் கட்டணத்தில் பாதி கூடும். முன்பு வார இறுதிகளில் ‘நைட் ரைடர்’, ‘நைட் அவுல்’ என்ற இரவுப் பேருந்துகள் ஓடின. 2020ல் நின்றவை 2022ல் ஒரேயடியாகக் கைவிடப்பட்டன. அதனால் பதினொன்றரைக்கே எல்லாரும் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். நல்ல பேச்சு சூடுபிடிப்பதே அப்போதுதான்!

ரயிலை விடிய விடிய ஓட்டச் சொல்லலாம் என்றால் அதுவும் எளிதன்று. ரயில் நின்றிருக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் தண்டவாளங்களைப் பரிசோதித்துப் பழுதுபார்க்க முடியும். நாம் உறங்கும்போது சுரங்கத்துக்குள் இறங்கும் அந்த ஊழியர்களில் நம்மவர்களும் உண்டு. அவர்களின் இரவு வாழ்க்கை அது.

ஆனாலும், ஆண்டில் ஓர் இரவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. தைப்பூசத்துக்கு முந்திய நள்ளிரவை ஒட்டிச் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பால்குடங்கள் புறப்படும். டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை நடை. வங்கி அதிகாரியும் கப்பல் பட்டறை ஊழியரும் தோளோடு தோள் நிற்பார்கள். அதிகாலை மூன்று மணிக்குப் பெண்கள் சிறு பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடுச்சாலையில் நடந்து போவார்கள். 1973ல் தடை செய்யப்பட்ட ஊர்வல இசை, 2016ல் பாதையில் மூன்று இடங்களில் மீண்டும் ஒலித்தது. இரவில் தமிழர் கூட்டம் கூடினாலே தொல்லை என்பவர்கள் அந்த ஓர் இரவு வந்து பார்க்கலாம்.

பண்டிகைக்கு முந்திய இரவுகளில் ரயில், பேருந்து நேரத்தை நீட்டிக்கிறார்கள். சனிக்கிழமை இரவுகளில் மட்டுமாவது சிராங்கூன் சாலையிலிருந்து உட்லண்ட்ஸ் பக்கம் ஒன்று, ஜூரோங் பக்கம் ஒன்று என்று இரண்டு பேருந்துகள் விட்டால் என்ன? வழக்கத்தைவிட இரு மடங்கு கட்டணம் வைத்தாலும் டாக்சியைவிட மலிவுதான். இரவு ஒரு மணிக்கு உணவங்காடியில் மேசை துடைத்து முடிக்கும் அக்காவும் அதில் ஏறி வீட்டுக்குப் போவார்.