சிங்கப்பூரில் கம்பெனி: ஓரிரு நாளில் பதிவு, கடை திறப்பது எப்போது?

விழுப்புரம் மாவட்டம் பனமலையில் இருந்துகொண்டே சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் தொடங்க முடியுமா? முடியும். அங்குள்ள 'அக்ரா' என்ற அரசு ஆணையத்தில் பெயருக்கு 15, பதிவுக்கு 300, ஆக 315 சிங்கப்பூர் டாலர் கட்டணம். ஆவணங்கள் சரியாக இருந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் பதிவு முடிந்துவிடும். விளம்பரங்கள் இந்த ஓரிரு நாளைத்தான் உரக்கச் சொல்கின்றன, மிச்சத்தைச் சொல்வதில்லை.

வெளிநாட்டவர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. அங்கே பதிவுபெற்ற முகவர் வழியாகத்தான் போக வேண்டும். சிங்கப்பூரில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது தேவை. அப்படி ஒருவர் கிடைக்கவே சிலருக்கு வாரக்கணக்கில் ஆகிறது. நிறுவனத்தின் பெயரில் 'வங்கி', 'பள்ளி' போன்ற சொல் இருந்தால் வேறு துறையின் ஒப்புதலும் வேண்டும். அதற்கே 14 முதல் 60 நாள் பிடிக்கலாம்.

உண்மையில் இழுப்பது வங்கிக் கணக்கு. பணம் எங்கிருந்து வருகிறது, என்ன தொழில், வாடிக்கையாளர் யார் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். வாரங்கள் ஓடும், சில நேரம் மாதமும் ஆகும்.

இந்தியப் பக்கமும் வேலை உண்டு. 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, முதலீட்டுப் பணத்தை அனுப்புமுன் உங்கள் வங்கி வழியாக ரிசர்வ் வங்கியின் தனி அடையாள எண் பெற வேண்டும். தனிநபருக்கு நிதியாண்டு உச்சவரம்பு இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர்.

விழுப்புரம் வேர்க்கடலையை அங்கே விற்க நினைப்பவர், உணவு இறக்குமதி அனுமதிக்கும் தனியாக நாள் ஒதுக்க வேண்டும். எல்லாம் சேர்த்து மூன்று மாதம் என்று கணக்கு வைத்துக்கொண்டு, அதன்பிறகு கடை வாடகைக்கு முன்பணம் கொடுங்கள்.