எழுதுகிற கைக்கு வழி தெரிய வேண்டாமா?



மாதாமாதம் தீர்மானப் புத்தகம் எழுதுகிற கை ஒரு கதை எழுதாதா? நம் குழுக்களில் பாட்டுக் கட்டுபவர்கள் உண்டு, விடுகதை சொல்பவர்கள் உண்டு, பட்ட பாட்டை நோட்டில் எழுதி வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் "நமக்கெல்லாம் யாரு பரிசு குடுக்கப் போறாங்க?" என்று அந்த நோட்டைத் துணிக்கு அடியில் ஒளித்து வைத்துவிடுகிறோம்.

குர்கானில் வீட்டு வேலை செய்த பேபி ஹால்தார், வேலை முடிந்த நேரத்தில் தன் வாழ்க்கையை வங்காளியில் எழுதினார். 2002-ல் அது இந்தியில் புத்தகமாகி, பிறகு பல மொழிகளுக்குப் போனது. அதே 2002-ல் உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூட்டில் கிராமத்துப் பெண்கள் சேர்ந்து 'கபர் லஹரியா' செய்தித்தாளைத் தொடங்கினார்கள். 2009-ல் அதற்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது. இவர்களும் நம்மைப் போன்றவர்கள்தானே!

எங்கே தேடுவது?

முதல் இடம் நம் ஊர் நூலகம். வாரம் ஒருநாள் போய் நாளிதழ்களையும் வார இதழ்களையும் புரட்டுங்கள். சிறுகதைப் போட்டி, கட்டுரைப் போட்டி அறிவிப்பு அதில்தான் வரும். நூலகரிடமும் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது, அரசு. தமிழ் வளர்ச்சித் துறை சிறந்த நூல்களுக்குப் பரிசு தருகிறது. வசதி குறைந்த எழுத்தாளர்கள் நூல் வெளியிட நிதியுதவியும் உண்டு. மாவட்டத்தில் உள்ள அந்தத் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

நம் பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. 35 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளர்களுக்கு சாகித்திய அகாதெமி 2011 முதல் யுவ புரஸ்கார் வழங்குகிறது. பரிசு 50,000 ரூபாய். 2021-ல் மத்திய அரசு தொடங்கிய யுவா திட்டத்தில், 30 வயதுக்கு உட்பட்ட 75 பேருக்கு மாதம் 50,000 ரூபாய் வீதம் ஆறு மாதம் உதவித்தொகை அறிவித்தார்கள். இப்படிப்பட்ட உதவித்தொகையைத்தான் 'ஃபெலோஷிப்' என்கிறார்கள். எழுதி முடித்ததற்குத் தருவது பரிசு. இனி எழுதுவதற்குத் தருவது ஃபெலோஷிப்.

அனுப்பும் முன் என்ன பார்ப்பது?

1. கடைசித் தேதி, வயது, பக்க அளவு. ஒன்று தவறினாலும் படிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள்.
2. வேறு எங்கும் வெளிவராததாக இருக்க வேண்டுமா என்று பாருங்கள். ஒரே கதையை இரண்டு போட்டிக்கு அனுப்பாதீர்கள்.
3. பிரதி எடுத்து வைக்காமல் அனுப்பாதீர்கள். செல்போனில் படம் பிடித்தாலும் போதும்.

பணம் கேட்டால்?

எல்லாக் கட்டணமும் மோசடி இல்லை. ஆனால் "உங்கள் கவிதை தேர்வாகிவிட்டது, 200 ரூபாய் கட்டினால் தொகுப்பில் போடுவோம்" என்றால் யோசியுங்கள். 500 பேர் கட்டினால் அவர்கள் கையில் 1 லட்சம்! நடுவர் யார், போன வருடம் பரிசு வாங்கியவர் யார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணமும் போகக் கூடாது.

கையெழுத்துப் போடும் முன்பும் நிதானம் வேண்டும். கடன் பத்திரத்தைப் படிக்காமல் நாம் கையெழுத்துப் போடுவோமா? 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவருக்கே உரிமை. பதிவு செய்யாவிட்டாலும் அது உண்டு. உரிமையை விற்பதானால் எழுத்து மூலம்தான் விற்க முடியும். எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். "எல்லா உரிமையும், எப்போதைக்கும்" என்ற வரி இருந்தால் பெரிய தொகையாக இருந்தாலும் இரண்டு முறை யோசியுங்கள்.

வேலையாகவும் செய்யலாம்

பிழை திருத்துவது, தமிழில் தட்டச்சு செய்வது, விழிப்புணர்வு நாடகம் எழுதுவது, சமுதாய வானொலிக்கு நிகழ்ச்சி எழுதுவது எல்லாம் கூலி உள்ள வேலைதான். அச்சகத்திலும், தொண்டு நிறுவனங்களிலும் கேட்டுப் பாருங்கள். கூலியை முன்கூட்டியே பேசிவிடுங்கள். பணம் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கே வரட்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் பேசி முடித்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்குவோம். அந்த மாதம் கண்ணில் பட்ட அறிவிப்பை ஒருவர் படிக்கட்டும். தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் குறிப்போம். எழுதப் படிக்க முடியாத அக்கா கதை சொன்னால், படித்த தங்கை எழுதிக் கொடுக்கட்டும். அனுப்பும்போது பெயர் மட்டும் அக்காவின் பெயராகவே இருக்கட்டும்!