சீனர் இல்லாத சீனச் சாப்பாடு

மாலை ஆறு மணிக்கு மேல் நம்ம தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டைப் பக்கம் நடந்தால், தள்ளுவண்டிதோறும் கோபி மஞ்சூரி வாசனைதான். பெங்களூரில் வேலை முடித்து மாரிகுப்பம் ரயிலில் திரும்பும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகுமுன் ஒரு தட்டு வாங்கித் தின்கிறார்கள். பலகையில் 'சைனீஸ்' என்று எழுதியிருக்கும். வாணலி பிடிப்பவர் நம்ம ஆள்தான். அப்படியானால் இதில் சீனம் எங்கே வந்தது?

இன்றைய பிள்ளைகளில் பலர் சீன ஓட்டலை முதலில் பார்ப்பது கம்ப்யூட்டர் விளையாட்டில். ஊரெல்லாம் சுற்றிக் கார் திருடி, துப்பாக்கி சுடுகிற ஆட்டங்கள் அவை. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வரிசையில் 2009-இல் வந்த 'சைனாடவுன் வார்ஸ்' முழுக்க முழுக்கச் சீனக் குற்றக் கும்பல்களின் கதை. சிவப்பு விளக்குத் தொங்கும் கடை என்றால் பின்கட்டில் ஏதோ நடக்கிறது என்ற எண்ணம் பிள்ளை மனத்தில் ஏறிவிடுகிறது. நம் நாட்டுச் சரித்திரமோ வேறு மாதிரி.

வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், 1780-ஐ ஒட்டி, அச்சு என்ற சீன வணிகர் கல்கத்தாவுக்குத் தெற்கே நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை வைத்தார். அவர் பெயரால் அவ்விடம் இன்றும் அச்சிபூர். பின்னால் வந்தவர்களில் ஹக்கா மக்கள் அதிகம். ஹக்கா என்ற சொல்லுக்கே 'விருந்தாளிக் குடும்பம்' என்றுதான் பொருள். சொந்த நாட்டிலேயே வந்தேறிகள் என்று பெயர் வாங்கியவர்கள். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி தோண்டிய சுரங்கங்களுக்கு வடஆர்க்காட்டிலிருந்து மூட்டை கட்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டுமா என்ன! மற்றவர் தொடத் தயங்கிய தோல் பதனிடும் தொழிலை ஹக்காக்கள் டாங்ராவில் எடுத்து நடத்தினார்கள். தோல் ஆலைகளை ஊருக்கு வெளியே மாற்றும்படி 1996-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபின், டாங்ராவின் அடையாளமாக மிஞ்சியவை ஓட்டல்கள்தாம்.

மஞ்சூரியன் பிறந்தது பம்பாயில். கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்ற சமையற்காரர், 1975-இல் இந்தியக் கிரிக்கெட் கிளப்பில் புதிதாக ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டவர்களுக்காக, பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாயைத் தாளித்து, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றி, சோளமாவில் கெட்டிப்படுத்திக் கோழியைப் போட்டார். அதற்கு மஞ்சூரியன் என்று பெயர். சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவில் இப்படி ஒரு பதார்த்தமே கிடையாது. கோழி இருந்த இடத்தில் காலிபிளவரை வைத்தது மரக்கறிக்காரர்களின் கைங்கரியம். அந்தக் காலிபிளவரும் 1822-இல் இங்கிலாந்திலிருந்து வந்த விதை. மிளகாயும் மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. சீனத்துப் பாத்தியதை சோயா சாஸில் மட்டும்தான் என்று மளிகைக்காரனாகிய நான் சொல்வேன். (எங்கள் சமண வீடுகளில் பூச்சிக்குப் பயந்து காலிபிளவரும், கந்தம் என்று பூண்டும் பலர் சேர்ப்பதில்லை. ஆகவே சுவை பற்றி என்னைக் கேட்காதீர்கள், சரக்கு பற்றிக் கேளுங்கள்.)

அந்தச் செக்கச் சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு 171 கோபி மஞ்சூரி மாதிரிகளைச் சோதித்ததில் நூற்றுக்கு மேற்பட்டவற்றில் ஆகாத செயற்கை நிறம் இருந்தது. துணிச்சாயமான ரோடமின்-பி அதில் ஒன்று. அம்மாதமே செயற்கை நிறத்துக்குத் தடை வந்தது. பழுப்பாக இருக்கும் கோபியே நல்ல கோபி. பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது நிறத்தை அல்ல. 1962-இல் எல்லைப் போர் மூண்டதும், அஸ்ஸாம், டார்ஜிலிங் பக்கமெல்லாம் தலைமுறையாய் வாழ்ந்த சீன வம்சாவளியினர் சுமார் 3000 பேரை, கிழவர் குழந்தை என்று பாராமல் ரயிலேற்றி, ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. சிலர் 1967 வரை அங்கேயே கிடந்தார்கள். பலர் திரும்பி வந்தபோது வீடும் கடையும் ஏலம் போயிருந்தன. முகஜாடை ஒன்றே குற்றம். அதாவது, அவர்கள் சமையலுக்கு நாடு முழுவதும் வண்டி கட்டிய நாம், அந்தக் குடும்பங்களில் பலவற்றை இங்கே இருக்க விடவில்லை. வேற்று மொழி மாநிலத்தில் கடை வைத்துப் பிழைக்கிற எவரும் இதைப் படித்துவிட்டுச் சும்மா தாண்டிப் போக முடியாது.

விடுதலையானவர்களில் பல குடும்பங்கள் கனடாவுக்குப் போய் டொராண்டோவில் குடியேறின. அங்கே அவர்கள் வகையறா நடத்தும் ஓட்டல்களுக்கு 'ஹக்கா' என்றே பெயர். பட்டியலில் மிளகாய்க் கோழியும் மஞ்சூரியனும் இருக்கும். ஸ்கார்பரோ பக்கம் உள்ள ஈழத்தமிழரும், நம் ஊரிலிருந்து போன பிள்ளைகளும் அக்கடைகளைத் தேடிப்போய், நம்ம ஊர்ச் சைனீஸ் வேண்டுமென்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.