வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஆளுக்குப் பணம் அனுப்பணுமா? முதல்ல இதைப் படிங்க



வெளிநாட்டில் இருந்து பணம் வருவது நமக்குப் பழகிப்போன விஷயம். துபாய், சவுதி, சிங்கப்பூர், மலேசியா என்று நம்ம வீட்டு ஆட்கள் போகாத இடமில்லை. அங்கிருந்து பணம் வந்தால் எந்த பேங்கில் எடுக்கணும், என்ன காட்டணும் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் இங்கிருந்து அங்கே அனுப்ப வேண்டி வந்தால்? அப்போது நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

அப்படி ஒரு நாள் பல வீடுகளில் வரத்தான் செய்கிறது. போன புதுசில் சம்பளம் வராமல் சாப்பாட்டுக்கே திண்டாட்டமாக இருக்கும். உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார். படிக்கப் போன மகள் அறை வாடகை கட்ட முடியாமல் தவிப்பாள். அந்த நேரத்தில் அம்மாவும் மனைவியும் முதலில் ஓடி வருவது நம்ம குழுவுக்குத்தான். குழுவில் கடன் எடுத்து அனுப்பிய பணம் போய்ச் சேரவில்லை என்றால் நஷ்டம் அந்த ஒரு வீட்டோடு நிற்காது. கடன் நோட்டில் இருப்பது நம்ம எல்லாருடைய சேமிப்பு. அதனால் இந்த விஷயத்தை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேசுவது நம்ம ஆள்தானா?

"அம்மா, போலீஸ் பிடிச்சிருச்சு, உடனே 40,000 அனுப்பு" என்று ஒரு போன் வரும். குரல் மகன் குரல் மாதிரியே இருக்கும். இப்போது கம்ப்யூட்டரை வைத்து ஒருத்தர் குரலை அப்படியே செய்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் மகன் போட்டோவை வைத்து வேறு ஆள் எழுதுவதும் நடக்கிறது.

பதறாதீங்க. போனை வைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாகப் பேசும் அவருடைய பழைய நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்க. கிடைக்கவில்லையா, கூட வேலை பார்க்கும் நம்ம ஊர்க்காரர் யாரையாவது கேளுங்க. வீட்டு ஆளுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேட்டுப் பாருங்க.

இன்னொரு அடையாளத்தையும் மனசில் வையுங்க. ஆள் இருப்பது துபாயில். பணம் போடச் சொல்லும் கணக்கு டெல்லியிலோ கொல்கத்தாவிலோ இருந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்க. கஸ்டம்ஸில் பார்சல் மாட்டிக்கிச்சு, நகைக்கு வரி கட்டணும் என்று சொல்லி இந்தியக் கணக்கு நம்பர் கொடுப்பதும் இதே ஏமாற்றுதான். ஏமாந்து பணம் போட்டுவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

பணம்தான் தேவையா?

நம்ம ஆள்தான் கேட்டார் என்பது உறுதியானாலும் உடனே கடன் எழுத வேண்டாம். எதற்குக் கேட்கிறார் என்று பாருங்க.

ஊருக்குத் திரும்ப டிக்கெட் என்றால், பணத்தை அங்கே அனுப்ப வேண்டியதே இல்லை. இங்கேயே ரூபாயில் டிக்கெட் எடுத்து அவர் போனுக்கு அனுப்பலாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் வேலை ஒப்பந்தத்தையும் பார்க்கச் சொல்லுங்க. பல ஒப்பந்தங்களில் திரும்பி வரும் டிக்கெட் முதலாளி பொறுப்பு என்றே எழுதியிருக்கும்.

"விசா புதுப்பிக்கப் பணம் கட்டணும்னு முதலாளி கேக்கிறார்" என்றால் யோசிக்க வேண்டும். துபாய், அபுதாபி, ஷார்ஜா எல்லாம் சேர்ந்த ஐக்கிய அரபு எமிரேட்ஸில் 2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி, வேலைக்கு எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. நாம் கடன் வாங்கிக் கட்டுவதற்கு முன்னால் அந்த நாட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் அவர் புகார் கொடுக்கலாம்.

சம்பளம் இல்லாமல் மாட்டிக்கொண்டார், தங்க இடமில்லை, சிகிச்சைக்கு வழியில்லை என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தை அணுகச் சொல்லுங்க. இந்திய சமுதாய நல நிதி என்று ஒன்று 2009-ல் தொடங்கப்பட்டது. கஷ்டத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு, அவசர மருத்துவம், சட்ட உதவி, ஊர் திரும்ப டிக்கெட் ஆகியவற்றுக்குத் தூதரகம் விசாரித்து அதிலிருந்து உதவலாம். இங்கிருந்து நாம் செய்ய வேண்டியது, கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுப்பது. மாநில அரசில் அயலகத் தமிழர் நலனுக்கென்றே ஓர் ஆணையரகம் இருக்கிறது. மனுவோடு பாஸ்போர்ட் நகல், விசா நகல், அவர் இருக்கும் இடம், போன் நம்பர் வேண்டும். இந்த நகல்களை ஆள் கிளம்பும்போதே வாங்கி வீட்டில் வைப்பது நல்லது.

அனுப்பியே ஆகணும் என்றால் பேங்க்தான் வழி

நம்ம ஊர்க் கடையில் வெஸ்டர்ன் யூனியன் பலகை தொங்கும். அங்கே போய் "இதை மகனுக்கு அனுப்புங்க" என்று கேட்டால் முடியாது என்பார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அந்த ஏற்பாடு வெளிநாட்டில் இருந்து வரும் பணத்தை வாங்குவதற்கு மட்டும்தான். கிராமத்துக்கு வரும் வங்கி மித்ராவின் கருவியிலும் இது நடக்காது. நமக்குக் கணக்கு இருக்கும் பேங்க் கிளைக்குத்தான் போகணும். சின்னக் கிளையாக இருந்தால், டவுனில் அன்னியச் செலாவணி பார்க்கும் கிளைக்குப் போகச் சொல்வார்கள்.

சட்டப்படி நமக்கு உரிமை இருக்கிறதா என்று பயப்பட வேண்டாம். 2004-ல் ரிசர்வ் வங்கி ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதன்படி இந்தியாவில் வசிக்கும் யாரும் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். நாம் அனுப்பும் 20,000, 30,000 ரூபாய் எல்லாம் அதில் ஒரு மூலைக்குக்கூட வராது.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை:

1. பான் கார்டு. யார் கணக்கில் இருந்து பணம் போகிறதோ அவருடைய பான் கட்டாயம். 2018 முதல் சின்னத் தொகைக்கும் இது வேண்டும். நம்மில் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்வோம். ஆதாரில் போன் நம்பர் இணைந்திருந்தால் வருமான வரித்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் இ-பான் எடுக்கலாம். ஏற்கெனவே பான் இருந்தால் இன்னொன்று எடுக்கக் கூடாது.

2. ஆதார், பாஸ்புக். கணக்கில் பணம் இருக்க வேண்டும். குழுக் கடனும் உங்கள் கணக்கில் ஏறிய பிறகே அனுப்ப முடியும். ரொக்கமாக நீட்டினால் வாங்க மாட்டார்கள்.

3. வாங்குபவர் விவரம். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், பேங்க் பெயர், கிளை, கணக்கு எண், அந்த பேங்கின் சுவிஃப்ட் கோடு. சுவிஃப்ட் கோடு 8 அல்லது 11 எழுத்து இருக்கும். வளைகுடா நாடுகளுக்கு ஐபான் எண்ணும் வேண்டும். எமிரேட்ஸ் ஐபான் 23 இலக்கம், சவுதி 24, கத்தார் 29, குவைத் 30. ஒரு இலக்கம் குறைந்தாலும் பணம் திரும்பிவிடும், கட்டணம் திரும்பாது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஐபான் கிடையாது.

போனில் கேட்டு எழுதினால் தப்பு வரும். வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்பச் சொல்லுங்க. சிலருக்கு அங்கே சம்பள அட்டை மட்டும் இருக்கும், பேங்க் கணக்கு இருக்காது. அதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்க. "என் நண்பன் கணக்கில் போடு" என்றால் வேண்டாம். பணம் அவர் பெயரில் உள்ள கணக்குக்கே போகட்டும்.

பேங்கில் ஏ-2 என்று ஒரு படிவம் தருவார்கள். எதற்காக அனுப்புகிறோம் என்ற இடத்தில் உண்மையைச் சொல்லுங்க. கணவர், மகன், மகள் செலவுக்கு என்றால் நெருங்கிய உறவினர் பராமரிப்பு. படிப்பு என்றால் படிப்பு. புரியாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீங்க. படித்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்க.

எவ்வளவு பிடிப்பார்கள்?

பிடிப்பது மூன்று இடத்தில். ஒன்று, பேங்கின் அனுப்புக் கட்டணமும் அதற்கு ஜி.எஸ்.டி.யும். இரண்டு, ரூபாயை அந்நாட்டுப் பணமாக மாற்றும் விலை. பேப்பரில் போடும் விலையை விட பேங்க் நமக்கு விற்கும் விலை கூடுதலாக இருக்கும். ஒரு திர்ஹாமுக்கு 50 பைசா கூடினால் 1,000 திர்ஹாமுக்கு 500 ரூபாய் நம்ம கையை விட்டுப் போகிறது. மாற்றுவதற்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு. 25,000 ரூபாய் வரை மாற்றினால் 45 ரூபாய், ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய். மூன்றாவது, வழியில் இருக்கும் வேறொரு பேங்க் பிடிப்பது. இதுதான் நமக்குச் சொல்லாமல் பிடிக்கப்படுவது.

ஆகவே இப்படிக் கேளுங்க: "நான் இவ்வளவு ரூபாய் கொடுத்தா, அவர் கையில எத்தனை திர்ஹாம் சேரும்?" இந்த ஒரு கேள்வியில் மூன்றும் வெளியே வந்துவிடும். டாலராக அனுப்பி அங்கே திர்ஹாமாக மாறினால் இரண்டு முறை மாற்றும் நஷ்டம். நேராகத் திர்ஹாமிலேயே அனுப்ப முடியுமா என்றும் கேளுங்க. இதில் வருமான வரிப் பிடித்தம் பற்றிப் பயம் வேண்டாம். 2025 ஏப்ரல் 1 முதல், ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அனுப்பினால் அந்தப் பிடித்தம் இல்லை.

பணம் சேர இரண்டு மூன்று வேலை நாள் ஆகலாம். சவுதி, குவைத், கத்தாரில் வெள்ளி, சனி விடுமுறை. நமக்கு ஞாயிறு. வியாழன் சாயங்காலம் அனுப்பிவிட்டு வெள்ளிக்கிழமையே வரலையே என்று அழ வேண்டாம். அனுப்பியதற்கான சுவிஃப்ட் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்க. பணம் எங்கே நிற்கிறது என்று தேட அதுதான் சாட்சி.

சிங்கப்பூருக்கு ஒரு சுலப வழி

2023 பிப்ரவரி 21 அன்று நம்ம யு.பி.ஐ.யும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைக்கப்பட்டன. அவர் பேநவ்வில் பதிந்த போன் நம்பருக்கு நம்ம போனிலிருந்தே அனுப்பலாம். ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரை. உறவினர் பராமரிப்புக்கும் அன்பளிப்புக்கும் மட்டும். தொடங்கியபோது இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., ஸ்டேட் வங்கி, ஐ.சி.ஐ.சி.ஐ. ஆகிய நான்கு வங்கி வாடிக்கையாளர்கள் அனுப்ப முடிந்தது. உங்கள் பேங்கில் உண்டா என்று கேளுங்க. அனுப்பும் முன் திரையில் வரும் பெயர் நம்ம ஆள் பெயர்தானா என்று பாருங்க.

உண்டியல் வேண்டாம்

"பான் எதுக்கு, படிவம் எதுக்கு? என்கிட்ட ரூபாயைக் கொடுங்க, அரை மணி நேரத்துல அங்க கைக்கு வந்துரும்" என்று சொல்லும் ஆள் நம்ம பக்கத்தில் இருக்கத்தான் செய்கிறார். இதைத்தான் உண்டியல், ஹவாலா என்கிறோம். இங்கே கொடுத்த ரூபாய் கடல் தாண்டுவதில்லை. அங்கே அவருடைய கூட்டாளி வேறு பணத்தை எடுத்துக் கொடுப்பார். அந்தப் பணம் எந்த வழியில் வந்தது என்று யாருக்கும் தெரியாது. அது திருட்டுப் பணமாக இருந்தால் அந்நிய நாட்டில் போலீஸிடம் பதில் சொல்ல வேண்டியது நம்ம பிள்ளை.

இங்கேயும் 1999-ம் வருட அன்னியச் செலாவணி நிர்வாகச் சட்டப்படி இது குற்றம். சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். ரசீது கிடையாது. பணம் சேரவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது?

குழுவில் நாம் செய்ய வேண்டியது

இந்தத் தேவைக்கு ஓர் உறுப்பினர் கடன் கேட்டால், வட்டிக்காரரிடம் போக விடாமல் குழுவே கை கொடுக்கணும். 30,000 ரூபாய்க்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் முதல் மாசம் 300 ரூபாய். மீட்டர் வட்டியில் சிக்கினால் அந்த வீடு எழுந்திருக்காது. கூடவே மூன்று கேள்வியைக் கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதுங்க: திருப்பிக் கூப்பிட்டுப் பேசியாச்சா? பணமில்லாமல் முடியுமா என்று பார்த்தாச்சா? யார் பெயரில், எந்த பேங்க் வழியாகப் போகிறது? பணம் போன பிறகு சுவிஃப்ட் நகலின் ஒரு ஜெராக்ஸை நோட்டில் ஒட்டி வையுங்க. இது அவரைச் சந்தேகப்படுவது ஆகாது. பதற்றத்தில் இருப்பவருக்காக மற்ற உறுப்பினர்கள் நிதானமாக யோசிப்பது. பேங்குக்குப் போகும்போது விவரம் தெரிந்த ஒருத்தர் துணைக்குப் போங்க.

அடுத்த கூட்டத்தில் இதை எல்லாருக்கும் படித்துக் காட்டுங்க. வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் பான் கார்டு இருக்கிறதா, பாஸ்போர்ட் நகல், ஐபான் எண் எழுதி வைத்திருக்கிறார்களா என்று அன்றைக்கே கேளுங்க. இல்லாதவர்கள் ஒரு மாசத்துக்குள் எடுத்து வைக்கட்டும். போன் வந்த பிறகு தேடினால், அந்த நேரத்தில் எதுவும் கையில் சிக்காது.